நமுத்துப் போவதற்குள்

மெல்லும்போது சத்தம் போடும் சீஸை நான் முதன்முதலில் தின்றது ஒரு காரில். மான்ட்ரியாலிலிருந்து கியூபெக் நகரம் செல்லும் 20ஆம் எண் நெடுஞ்சாலையில் டிரம்மண்ட்வில் நெருங்கும்போது, என்னோடு வேலை பார்க்கும் தோழி வண்டியை ஓரங்கட்டி, ஒரு பெட்டிக்கடைக்குள் போய்ப் பிளாஸ்டிக் பை ஒன்றோடு திரும்பினாள். பை குளிர்ந்திருக்கவில்லை. பணம் வாங்கும் மேசையின் மேலேயே அடுக்கி வைத்திருந்தார்களாம். உள்ளே வெள்ளை வெளேரென்று, கட்டைவிரல் நுனியளவில், கோணல்மாணலான துண்டுகள். பையின் உட்புறம் வியர்த்திருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். கடைவாய்ப் பல்லுக்கும் சீஸுக்கும் நடுவில் 'க்றீச்' என்று ஓர் ஒலி. புளி போட்டுத் துலக்கிக் கழுவிய தட்டில் ஈரவிரலை இழுத்தால் வருமே, அதே ஒலி. ஆனால் அது என் மண்டைக்குள்ளிருந்து வந்தது.

"இன்று காலையில் செய்தது," என்றாள். "நாளைக்கு இந்தச் சத்தம் இருக்காது."

அவள் விக்டோரியாவில் என்ற ஊரில் பிறந்தவள். பால் மாடுகளும் சீஸ் ஆலைகளும் நிறைந்த வட்டாரம் அது. மழை வருமா வராதா என்று சொல்வதைப்போல அத்தனை சாதாரணமாக அதைச் சொன்னாள். நாளைக்கு ஏன் இருக்காது என்று நான் கேட்டதற்கு, "பழசாகிவிடும்" என்பதுதான் பதில். பழசாவது என்றால் என்ன, ஒரே இரவில் சீஸுக்குள் எது மாறுகிறது என்று தேடிப் போனபோது, ஓர் உணவு ஏன் ஓர் ஊரில் மட்டும் பிறக்கிறது என்பதற்கும் சேர்த்தே விடை கிடைத்தது.

அந்த உணவின் பெயர் பூட்டின். கியூபெக் பிரெஞ்சில் 'இ' ஒலிக்கு முன்னால் வரும் 'ட்', 'ட்ஸ்' ஆகிவிடும். அதனால் உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'பூட்சின்'. பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகள், அதன்மேல் இந்தச் சத்தமிடும் சீஸ், அதன்மேல் கொதிக்கக் கொதிக்கப் பழுப்பு நிறக் கிரேவி. அவ்வளவுதான். கியூபெக் பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்குக் குழப்படி, கசகசப்பு என்று பொருள் உண்டு. தட்டைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும். 'காஸ்-க்ரூட்' என்று அழைக்கப்படும் சாலையோரச் சிற்றுண்டிக் கடைகளில் குளிர்காலத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு நின்றபடியே சாப்பிடுவார்கள். உடம்பு முழுக்கச் சூடு பரவும்.

இதை முதலில் செய்தது யார் என்பதில் ஊர்களுக்குள் பெரிய வழக்கு உண்டு. 1957இல் வார்விக் ஊரில் ஃபெர்னான் லாஷான்ஸ் நடத்திய உணவகத்தில் ஒரு வாடிக்கையாளர் ஃபிரைஸையும் சீஸையும் ஒரே பையில் போட்டுத் தரச் சொன்னதில் தொடங்கியது என்கிறது ஒரு கதை. டிரம்மண்ட்வில்லில் 'லு ருவா ஜூசெப்' உணவகம் நடத்திய ஜான்-போல் ருவா 1964இல் மூன்றையும் சேர்த்துப் பரிமாறினார், எனவே முழுமையான பூட்டின் தங்களுடையதே என்பது இன்னொரு வாதம். பிரின்ஸ்வில் ஊரும் பங்கு கேட்கிறது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு வழங்க நான் முயலவில்லை. எனக்கு வியப்பாக இருப்பது வேறு: உரிமை கோரும் ஊர்கள் எல்லாமே சென்டர்-டு-கியூபெக் வட்டாரத்தில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மணி நேரக் கார்ப்பயணத்துக்குள் இருக்கின்றன. ஃபிரைஸ் உலகம் முழுக்க உண்டு. கிரேவியும் உண்டு. ஆனால் மூன்றாவது பொருள் ஒரு நாளில் செத்துவிடும். ஆகவே அந்த உணவு சீஸ் ஆலைக்குப் பக்கத்தில்தான் பிறந்திருக்க முடியும்.

அந்தச் சீஸைக் கியூபெக்கில் 'ஃப்ரோமாஜ் அன் க்ரேன்' என்கிறார்கள், மணிமணியான சீஸ் என்று பொருள். ஆங்கிலத்தில் 'சீஸ் கர்ட்'. நம் ஊரில் கர்ட் என்றால் தயிர், அதனால் தமிழ் வாசகர்கள் இங்கே தடுக்கி விழ வாய்ப்புண்டு. இங்கே நான் 'சீஸ் மணி' என்றே எழுதுகிறேன். தயிருக்கும் சீஸ் மணிக்கும் தாய் ஒன்றுதான், பால். ஆனால் திரளும் விதம் வேறு, அந்த வேறுபாட்டில்தான் சத்தத்தின் ரகசியம் இருக்கிறது.

பாலில் கேசீன் என்ற புரதம் தனித்தனி மூலக்கூறுகளாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து உருண்டைகளாக மிதக்கிறது. ஓர் உருண்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். உருண்டைக்குள் புரத இழைகளை ஒன்றோடொன்று தைத்துப் பிடித்திருப்பவை கால்சியம் பாஸ்பேட் முடிச்சுகள். மேற்பரப்பிலோ கப்பா-கேசீன் என்ற புரதம் பூனைமயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மயிரில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஓர் உருண்டை இன்னொன்றை நெருங்க விடாது. பால் திரளாமல் பாலாகவே இருப்பது இந்த மயிரால்.

தயிருக்கு உறை ஊற்றும்போது பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. புளிப்பு ஏற ஏற மேற்பரப்பு மின்னேற்றம் அழிகிறது, உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. கூடவே, அமிலத்தில் கால்சியம் முடிச்சுகளும் கரைந்து போய்விடுகின்றன. தையல் பிரிந்த துணியை அடுக்கி வைத்ததுபோல இருப்பதால்தான் கெட்டித் தயிரும் கரண்டி பட்டால் வெட்டுப்படுகிறது. சீஸ் செய்பவர் வேறு வழியில் போகிறார். அவர் ஊற்றும் ரென்னட் என்ற நொதி, கப்பா-கேசீன் சங்கிலியில் 105ஆவது அமினோ அமிலத்துக்கும் 106ஆவதுக்கும் இடையில் மட்டும் வெட்டுகிறது. மயிர் சிரைக்கப்பட்ட உருண்டைகள் ஒட்டுகின்றன. உள்ளே கால்சியம் முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன. முடிச்சு குலையாத வலை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், ரப்பர் மாதிரி.

பல் இந்த ரப்பர் வலையில் பதிந்து நகரும்போது வலை பல்லைப் பற்றிக்கொண்டு கொஞ்சம் நீள்கிறது. இழுவை தாங்காமல் வழுக்குகிறது. உடனே மறுபடி பற்றுகிறது. பற்றுவதும் வழுக்குவதுமாக ஒரு நொடிக்குள் எத்தனையோ முறை நடப்பதுதான் அந்தக் 'க்றீச்'. எண்ணெய் போடாத கிணற்று ராட்டினம் அழுவதும், வில் பட்டு வயலின் பாடுவதும் இதே முறையில்தான்.

இரவில் நடப்பது என்ன? சீஸ் மணிகளில் பாக்டீரியாக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை ஊற்றிக்கொண்டே இருக்கின்றன. உப்பு அவற்றின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. அமிலம் கூடக்கூடக் கால்சியம் முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கரைகின்றன. எஞ்சிய ரென்னட்டும் புரத இழைகளை மெல்ல நறுக்குகிறது. வலை தளர்கிறது, தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகிறது. பல் பட்டால் பற்றிக்கொள்ள ஆளில்லை. சத்தமில்லாமல் வழுக்கிப் போகிறது. சுவை கெடவில்லை, சாப்பிடலாம், ஆனால் அது வேறொரு சீஸ். குளிர்பெட்டியில் வைத்தால் பாக்டீரியா தூங்கும் என்றாலும், குளிரில் புரதங்களுக்கு இடையிலான ஈர்ப்பும் தளர்வதால் சத்தம் அப்போதே மங்கிவிடும். மைக்ரோவேவில் ஏழெட்டு விநாடி வைத்தால் புரதங்கள் மறுபடி இறுகிச் சத்தம் ஓரளவு திரும்பும். என் தோழி இதை ஏற்றுக்கொள்வதே இல்லை. கடை மேசையில் இருக்கும் பையைத்தான் வாங்குவாள்.

மணிகளை வீட்டிலேயே செய்ய முடியும். பூட்டினைப் புரிந்துகொள்ள ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்று லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் ஏறக்குறைய 300 கிராம் கிடைக்கும். பத்துக்கு ஒன்று, அதுதான் கணக்கு. அட்டைப்பெட்டியில் மாதக்கணக்கில் கெடாமல் வரும் அதிசூட்டுப் பால் உதவாது. கடுஞ்சூட்டில் மோர்ப்புரதம் கப்பா-கேசீனின் மேல் போய் ஒட்டிக்கொள்வதால் ரென்னட்டின் கத்திக்கு இடம் கிடைக்காது. பாலை 32 டிகிரிக்குச் சூடாக்கி, சீஸுக்கான பாக்டீரியாவைத் தூவி, சற்று நேரம் கழித்து ரென்னட் கலந்து அசையாமல் விட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் கத்தியை விட்டுத் தூக்கினால் சுத்தமாகப் பிளக்கும் பதம் வரும். ஒரு சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டி, மெதுவாகக் கிளறிக்கொண்டே அரை மணி நேரத்தில் 39 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டங்கள் சுருங்கித் தண்ணீரைக் கக்கும். வடித்துவிட்டால் துண்டுகள் சேர்ந்து ஒரே பாளமாகிவிடும். பாளத்தை இரண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கால்மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். செடார் சீஸ் பிறந்ததே இந்த அடுக்கலில்தான். ஒன்றரை மணி நேரத்தில் பாளம் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறிபோல நாராகப் பிரியும். அப்போது பிய்த்து உப்புப் போட்டால் மணிகள் தயார். அச்சில் அழுத்தி மாதக்கணக்கில் பழுக்க வைத்தால் செடார். அழுத்தாமல் அன்றே தின்றால் பூட்டின்.

பனீரைப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பனீர் கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து திரிப்பது. சூடும் அமிலமும் சேர்ந்து மோர்ப்புரதத்தையும் கேசீனையும் பின்னிப் பிணைத்துவிடுகின்றன, கால்சியத்தின் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. அதனால் எத்தனை சூடான கிரேவி ஊற்றினாலும் பனீர் இளகாது. துருவிய மொசரெல்லாவோ அடுத்த கோடிக்குப் போய்விடும். முழுக்க உருகி, ஃபிரைஸின் மேல் ஒரே போர்வையாகப் படிந்துவிடும். பூட்டினுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: ஓரம் இளகி நூல் விட வேண்டும், நடு இன்னும் கடிபட வேண்டும். அந்த நடுநிலையை எப்படிப் பிடிப்பது என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் உருளைக்கிழங்கு.

உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பொரிப்பது என்றால் அதை வெளியேற்றுவது. மாவுச்சத்து மிகுந்த ரஸெட் வகையில் ஒரு கிலோ எடுத்து, விரல் பருமனுக்கு வெட்டிப் பொரித்தால் கையில் கிடைப்பது சுமார் அரைக் கிலோ ஃபிரைஸ்தான், அதிலும் கொஞ்சம் எண்ணெயின் எடை. அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாகி அடுப்படிக் கூரைக்குப் போய்விட்டது. அத்தனை தண்ணீரை ஆவியாக்க ஆயிரம் கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வேண்டும். 1500 வாட் அடுப்பின் வெப்பம் முழுவதும் எண்ணெய்க்குள் போனாலும்கூட இதற்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு படுத்துவிடுவது இதனால்தான். மூன்று பங்காகப் பிரித்துப் போட வேண்டும்.

முறுக்குச் சுடுபவர்கள் எண்ணெயின் ஓசை அடங்குவதைக் காதால் கேட்டே வெந்ததைச் சொல்வார்கள். அந்தச் சலசலப்பு முழுக்க நீராவிக் குமிழிகளின் ஓசை. குமிழி சீறிக்கொண்டு வெளியே வரும்வரை எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. ஆக, பொரியும்போது எண்ணெய் குடிப்பது குறைவு. குடிப்பதெல்லாம் வெளியே எடுத்த பிறகு. ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி நீராகிறது, துளைகளில் வெற்றிடம் உண்டாகிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்கிறது. எடுத்த முதல் சில நொடிகளிலேயே நன்றாக உதறி வடிப்பதில்தான் எண்ணெய் மிச்சமாகும். தாளில் போட்டு வைத்துப் பிறகு ஒற்றுவது தாமதமான வேலை.

இரண்டு முறை பொரிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன்? உள்ளே இருக்கும் மாவு மணிகள் 60 டிகிரிக்கு மேல் தண்ணீரைக் குடித்து உப்பி வேக வேண்டும். வெளியே தோல் காய்ந்து இறுக வேண்டும். ஒரே சூட்டில் இரண்டையும் செய்யப் பார்த்தால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும். எனவே முதல் ஈடு 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம். குச்சி வெளுத்து, துவண்டு இருக்கும். எடுத்து அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அந்த அரை மணியில் நடுவிலிருக்கும் ஈரம் ஓரத்துக்கு வந்து சமமாகிறது, வெளியே கசிந்த மாவு பசைபோல் படிந்து காய்கிறது. இரண்டாவது ஈடு 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம். காய்ந்த பசைப்படலம் இப்போது ஓடாகிறது, நிறம் ஏறுகிறது. பூட்டினுக்கு இந்த ஓடு சற்றுத் தடிப்பாகவே வேண்டும். வெறும் உப்புத் தூவிச் சாப்பிடும் ஃபிரைஸைவிட இங்கே அதற்கு வேலை அதிகம்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். பொன்னிறம் தருவது மெய்யார் வினை, 1912இல் லூயி-கமீய் மெய்யார் விவரித்தது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணங்களைப் பிறப்பிக்கும். உருளைக்கிழங்கைக் கடுங்குளிரில் வைத்தால் அது தன் மாவைச் சர்க்கரையாக உடைத்துக்கொள்ளும், பொரித்தால் சீக்கிரம் கருத்துக் கசக்கும். கியூபெக் சாலையோரக் கடைகளில் ஃபிரைஸ் பொதுவாகவே ஆழ்ந்த பழுப்பு, லேசான இனிப்பு. பலர் அதைத்தான் தேடிப் போகிறார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனாலும் வீட்டில் பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதே வினையில் அக்ரிலமைடு என்ற நச்சுப்பொருளும் உண்டாவதைக் கண்டறிந்தார்கள், நிறம் கருக்கக் கருக்க அதன் அளவும் கூடும். வெட்டிய குச்சிகளை அரை மணி தண்ணீரில் ஊறவைத்து அலசினால் மேற்பரப்புச் சர்க்கரை கழிந்துவிடும். பிறகு துணியில் பரப்பி ஈரம் போகத் துடைக்க வேண்டும், இதில் சோம்பக் கூடாது.

இனி கிரேவி. கியூபெக்கில் பெரும்பாலான வீடுகளில் இது டப்பாவிலிருந்தோ பொட்டலத்திலிருந்தோ வருவதுதான், அதில் யாருக்கும் வெட்கமில்லை. நான் சட்டியில் 30 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைப் போட்டுப் பாதாம் தோல் நிறம் வரும்வரை பத்து நிமிடம் வறுக்கிறேன். வறுக்க வறுக்க மணம் கூடும், கெட்டியாக்கும் திறன் குறையும். சூட்டில் மாவுச் சங்கிலிகள் உடைந்து குட்டையாவதே காரணம். அதை ஈடுகட்ட இரண்டு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றுகிறேன். குளிர்ந்த நீரில் கரைப்பதற்கும், மோர்க்குழம்புக்கு அரிசி மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து ஊற்றுவதற்கும் காரணம் ஒன்றே: சுடுநீர் பட்டால் மேல் மாவு நொடியில் வெந்து ஓடாகி உள்மாவைச் சிறைவைத்துவிடும், கட்டி தட்டும்.

கடைகளில் கோழிச்சாறும் மாட்டிறைச்சிச் சாறும் கலந்து ஊற்றுவார்கள்; என் அளவுக்கு அரை லிட்டர். நிறைய மிளகு, ஒரு துளி வினிகர். இறைச்சி வேண்டாதவர்கள் உலர்ந்த ஷீட்டாகே காளானை ஊறவைத்த நீரும் சோயா சாஸும் சேர்த்துச் செய்யலாம், குறையே தெரியாது. சோயாவிலும் இருக்கும் குளூட்டமேட்டை, இறைச்சிச்சாறு போன்ற சுவையின் மூலமாக 1908இல் கிகுனே இகெடா இனங்கண்டார். காளானில் இருக்கும் குவானிலேட் அதோடு சேரும்போது இரண்டின் கூட்டலைவிடப் பலமடங்கு ருசி நாக்கில் ஏறுகிறது.

இந்தக் கிரேவி எத்தனை கெட்டியாக இருக்க வேண்டும் என்பதில்தான் நான் பலமுறை தவறினேன். கேள்வியை நமுத்துப்போவதிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பளம் நமுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மொறுமொறுப்பு என்பது மாவுச்சத்தின் கண்ணாடி நிலை. தண்ணீர் கிட்டத்தட்ட முழுக்க வெளியேறியதும் நீண்ட மாவுச் சங்கிலிகள் அசைய இடமின்றி உறைந்து நிற்கின்றன. அழுத்தினால் வளையாமல் கண்ணாடிபோல் உடைகின்றன, உடையும் ஒலியைத்தான் மொறுமொறுப்பு என்று கேட்கிறோம். தண்ணீர் மூலக்கூறுகள் திரும்ப உள்ளே நுழைந்தால் சங்கிலிகளுக்கு நடுவே மசகு போட்டதுபோல் ஆகிவிடும். சங்கிலிகள் நகரும், கண்ணாடி ரப்பராகும். இதற்கு மொத்த எடையில் சில சதவீதம் தண்ணீர் ஏறினாலே போதும். தமிழில் இந்த நிலைமாற்றத்துக்கு நமுத்தல் என்று துல்லியமான ஒரு சொல் சமையலறையில் எப்போதிருந்தோ இருக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பூட்டினில் ஒரு கண்ணாடி ஓட்டின்மேல் வேண்டுமென்றே கொதிநீரை ஊற்றுகிறோம். நமுப்பதைத் தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். நுண்துளைகளுக்குள் திரவம் ஏறும் ஆழத்தைக் கணக்கிட எட்வர்டு வாஷ்பர்ன் 1921இல் தந்த சூத்திரம் இங்கே கைகொடுக்கிறது. திரவத்தின் பாகுத்தன்மை நான்கு மடங்கானால், அதே நேரத்தில் அது ஊடுருவும் ஆழம் பாதியாகும். தண்ணீராக ஓடும் சாறு ஃபிரைஸின் ஓட்டைத் துளைத்து நொடிகளில் உள்ளே போய்விடும். மாவு கட்டிப்பிடித்து வைத்திருக்கும் சாறு தயங்கித் தயங்கி நுழையும். ஆனால் களியாகக் கெட்டிப்பட்டுவிட்டால் சீஸ் மணிகளின் இடுக்குகளில் இறங்காமல் மேலேயே நின்றுவிடும். கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு அழியாமல் நிற்கும் பதம். அதைவிட ஒரு சொட்டு இளக்கமாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் தட்டில் ஆறும்போது இன்னும் கெட்டியாகும்.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன்: ஓரம் இளகி, நடு கடிபடும் சீஸ் மணி. ஒருவர் தட்டில் 200 கிராம் ஃபிரைஸ், 100 கிராம் மணி, 150 மில்லி கிரேவி. ஃபிரைஸும் கிரேவியும் 85 டிகிரி, மணி குளிர்பெட்டியிலிருந்து வந்து 4 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மூன்றின் வெப்பமும் சமமானால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 68 டிகிரி. மணி அறைச்சூட்டில் 22 டிகிரியாக இருந்தால் 72. வேறுபாடு 4 டிகிரிக்கும் குறைவு. அப்படியானால் குளிர்பெட்டி மணி என்ன பாவம் செய்தது? சாப்பிட்டால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிகிறதே.

தவறு சராசரியில் இருக்கிறது. அந்தச் சமநிலை தட்டில் வருவதே இல்லை. சீஸுக்குள் வெப்பம் மிக மெதுவாக நகரும். சீஸின் வெப்பப் பரவல் எண்ணை வைத்துப் பார்த்தால், ஒரு நிமிடத்தில் சூடு உள்ளே போகும் தூரம் மூன்று மில்லிமீட்டருக்குள். ஐந்து நிமிடத்தில் ஆறு. இரண்டு சென்டிமீட்டர் தடிமனான மணியின் நடுவுக்குச் சூடு முழுதாக எட்டப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் தட்டு காலியாகிவிடும். அதாவது நடுப்பகுதி எந்தச் சூட்டில் தட்டுக்கு வந்ததோ கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் வாய்க்குப் போகிறது. 4 டிகிரியில் வந்தால் பனிக்கட்டிபோல் பல்லில் இடிக்கும், சத்தமும் இருக்காது. 22 டிகிரியில் வந்தால் மென்மையாகக் கடிபட்டுச் 'க்றீச்' என்னும். வெளியே இருக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும், பால்கொழுப்பு முழுக்க உருகும் 40 டிகிரியைத் தாண்டி, புரதவலை தளரும் 60 டிகிரி வரை போய் இளகிவிடும். கடை மேசையில் வைத்த பையைத்தான் வாங்குவேன் என்று என் தோழி பிடிவாதம் பிடித்ததற்கு இப்படி ஒரு கணக்கு இருந்தது. துண்டுகளைச் சிறிதாக நறுக்கக் கூடாது என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. ஒரு சென்டிமீட்டர் துண்டானால் ஐந்து நிமிடத்தில் நடுவரை இளகிவிடும்.

ஆக, வேலையைப் பின்னாலிருந்து முன்னாகத் திட்டமிட வேண்டும். மணிகள் ஒரு மணி நேரம் முன்பே மேசைக்கு வந்துவிட வேண்டும். கிரேவி முதலிலேயே தயாராகி, மூடியபடி சிறுதீயில் காத்திருக்கலாம், அது காத்திருக்கத் தெரிந்த பொருள். ஃபிரைஸின் முதல் ஈடு மதியமே முடிந்திருக்கலாம். இரண்டாவது ஈடு மட்டும் சாப்பிடுபவர்கள் உட்கார்ந்த பிறகு. ஆழமான கிண்ணத்தில் பாதி ஃபிரைஸ், கொஞ்சம் மணி, மீதி ஃபிரைஸ், மீதி மணி, கடைசியில் கிரேவி. மேலே விழும் கிரேவி முதலில் மணிகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. தட்டையான தட்டு வேண்டாம். பரந்த பரப்பில் சூடு சீக்கிரம் ஓடிவிடும்.

சென்ற மார்ச்சில் ஒரு சனிக்கிழமை தோழி என் வீட்டுக்கு வந்தாள். வெளியே பனி இன்னும் முழங்கால் உயரம் கிடந்தது. வழியில் வாங்கிய பையை அடுப்பங்கரை மேடைமேல் வைத்துவிட்டு, நான் இரண்டாவது ஈடு பொரிப்பதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊற்றியதும் நான் மேலிருந்து தொடங்கினேன். மேல்வரிசைக் குச்சிகள் முனையில் இன்னும் ஒடிந்தன. அவளோ முள்கரண்டியைக் கிண்ணத்தின் அடிவரை செலுத்தி, சாறு குடித்துத் துவண்ட குச்சிகளைத் தோண்டி எடுத்தாள். ஓட்டின் ஒரு பக்கம் ஊறியும் மறுபக்கம் இன்னும் ஊறாமலும் இருக்கும் அந்தக் குச்சிகளுக்காகத்தான் இதைச் சாப்பிடுவதே என்றாள். நானும் அடியில் கரண்டியை விட்டேன். சாற்றின் மிளகும், கிழங்கின் இனிப்பும், இளகிய சீஸின் உப்பும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகியிருந்தன. ஆனால் முனை மட்டும் பல்லில் நொறுங்கியது.

ஏழெட்டு நிமிடத்தில் இரண்டு கிண்ணமும் காலி. பையில் சில மணிகள் மிச்சமிருந்தன. ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினாள். காலையில் செய்தது, மணி இரவு ஏழரை ஆகியிருந்தது. மெதுவாகக் கடித்தோம். சத்தம் இன்னும் இருந்தது, காலையில் அவள் காரில் தின்றபோது இருந்ததைவிடச் சன்னமாக என்றாள்.